வங்கி ஏற்கும் உறுதியே உறுதி

(இரத்தினபுரியில் தோட்டப் பகுதி அன்பர்கள் கூட்டிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கடன் பெற்று வீடு வாங்குவோர் எந்தச் சட்டத்தரணியிடம் போக வேண்டும் என்பது பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்திருக்கிறீர்கள். அரசியல் மேடையிலே இதுவும் ஒரு பொருளா என்று முகஞ் சுளிப்போர் இருக்கலாம். சபரகமுவையில் வாழும் தமிழனுக்குக் காணியைக் காட்டிலும் பெரிய அரசியல் எது என்று அவர்களை நாம் கேட்க விரும்புகிறோம்.

1946ஆம் ஆண்டிலே கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தை, உருளவள்ளி என்று நம்மவர் சொல்லும் அந்தத் தோட்டத்தை, கிராம விஸ்தரிப்புக்கென்று அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அங்கே பாடுபட்ட தொழிலாளரை வெளியேறச் சொன்னார்கள். அவர்கள் மறுத்தார்கள், அவர்களுக்காக மற்றத் தோட்டங்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கின. அத்தொழிலாளர் பக்கத்தில் நியாயம் இருந்தது, தலைமுறை தலைமுறையான உழைப்பு இருந்தது. கையிலே ஓர் உறுதி மட்டும் இல்லை. பின்னர் 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமை ஆக்கிற்று. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குப் போயிற்று. துரை மாறினார், கணக்கு மாறிற்று, லயத்தில் இருந்தவன் பெயர் மட்டும் எந்தக் காணி ஏட்டிலும் ஏறவில்லை. 1977, 1981, 1983 வன்செயல்களில் சபரகமுவையை விட்டு ஓடியோர் தூக்கிச் செல்ல முடிந்ததெல்லாம் பிள்ளைகளையும் ஒரு துணி மூட்டையையுந்தான்.

இன்று நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. நாடற்றோர் என்ற பட்டம் 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு நீங்கிற்று. தோட்டத்துப் பிள்ளைகள் ஆசிரியராக, தாதியராக, வங்கி எழுதுவினைஞராக, கணக்காளராக வந்திருக்கிறார்கள். பலாங்கொடையிலும் காவத்தையிலும் இறக்குவானையிலும், அங்கே யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்திலும், அரை ஏக்கர் ஓர் ஏக்கர் தேயிலை வைத்துப் பச்சைக் கொழுந்து விற்கும் தமிழ்க் குடும்பங்களைக் காண்கிறோம். இவர்கள் லயத்தை விட்டு ரோட்டோரத்தில் சொந்த வீடு வாங்க நினைக்கிறார்கள். கையில் இருப்பது பாதிப் பணம். மிச்சம் வங்கிக் கடன். இங்கேதான் ஆபத்து தொடங்குகிறது.

எப்படித் தொடங்குகிறது? வீட்டைக் காட்டுபவர் ஒரு தரகர். அவரே ஒரு நொத்தாரிசையும் காட்டுகிறார். அந்த நொத்தாரிசு விற்பவருக்குப் பழக்கமானவர். “நாளைக்கு வேறு ஆள் வருகிறது, இன்றைக்கே முற்பணம் கொடுங்கள்” என்கிறார். வாழ்நாளில் முதன்முறையாகக் காணி வாங்குகிறவன் பதறிப்போய் ஐந்து லட்சம், பத்து லட்சம் என்று எடுத்துக் கொடுத்துவிடுகிறான். பிறகு வங்கிக்குப் போகிறான். வங்கியோ தான் ஏற்றுக்கொண்ட சட்டத்தரணிகளின் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறது. பேனல் லோயர் என்று அங்கே சொல்லுவார்கள். அரச வங்கிகளில் இந்த வேலையைச் செய்யச் சொந்தச் சட்டப் பிரிவே உண்டு. அந்தச் சட்டத்தரணி உறுதியை வாங்கிப் பார்க்கிறார், பதிவேட்டைப் பார்க்கிறார், “இந்த உரித்து சரியில்லை, இதன்மேல் கடன் கொடுக்க முடியாது” என்று எழுதிவிடுகிறார். கடன் இல்லை, வீடு இல்லை, முற்பணம் திரும்பி வருமா என்பது விற்றவருடைய மனச்சாட்சியைப் பொறுத்தது.

ஆதலால் நாம் சொல்ல வந்தது இதுதான்: முற்பணம் கொடுத்த பின் அந்தச் சட்டத்தரணியிடம் போவது தலைகீழ் வழி. முதலில் வங்கிக்குப் போங்கள். எந்த வங்கியில் கடன் பெற எண்ணுகிறீர்களோ அந்த வங்கியின் பட்டியலைக் கேளுங்கள். அதில் ஒருவரைத் தேர்ந்து, உறுதியின் பிரதியையும் நில அளவை வரைபடத்தையும் அவரிடம் கொடுத்து, அவர் பார்த்துச் சொல்லும் வரை ஒரு சதமும் கொடுக்காதீர்கள். விற்பவர் பொறுக்க மாட்டார் என்றால், பொறுக்காததற்குக் காரணம் என்ன என்று யோசியுங்கள்.

“நொத்தாரிசு எழுதினால் போதாதா, சட்டமே அதைத்தானே கேட்கிறது?” என்று ஒரு பெரியவர் முன்பொரு கூட்டத்தில் எம்மைக் கேட்டார். நல்ல கேள்வி. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. காணியை விற்பதாயினும், ஈடு வைப்பதாயினும், விற்பதாக உடன்படிக்கை செய்வதாயினும், நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதிக் கையொப்பமிட்டால்தான் செல்லும். முத்திரை ஒட்டி எழுதிய கடிதம் செல்லாது. தோட்டத்துத் தலைவர் சாட்சி போட்ட தாள் செல்லாது. ஆனால் நொத்தாரிசு எழுதிவிட்டார் என்பதாலேயே விற்றவருக்கு விற்க உரிமை இருந்தது என்று ஆகிவிடாது. என்னிடம் இல்லாத யானையை நான் உங்களுக்கு நொத்தாரிசு முன்னால் எழுதிக் கொடுக்கலாம். யானை உங்கள் முற்றத்துக்கு வராது.

இன்னொன்றும் கேளுங்கள். 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம், காணி சம்பந்தமான உறுதியை எழுதுமுன் காணிப் பதிவகத்து ஏடுகளைத் தேடிப் பார்க்கும் கடமையை நொத்தாரிசுக்கு விதித்திருக்கிறது. எனினும் அதிலேயே ஒரு சந்து உண்டு: தேட வேண்டாம் என்று கட்சிக்காரர் எழுத்தில் கேட்டுக்கொண்டால் அவர் தேட வேண்டியதில்லை. நம்மவர் பலர் கையொப்பமிடும் காகிதக் கட்டிலே இந்தத் தாளும் ஒன்றாகக் கலந்திருந்தால் யாருக்குத் தெரியும்? செலவு மிச்சம் என்று சொல்லி வாங்கிய கையொப்பம், பின்னாளில் “நீர்தானே வேண்டாம் என்றீர்” என்று சொல்லப் பயன்படும். வங்கி ஏற்ற சட்டத்தரணிக்கு அந்தச் சந்து கிடையாது. தேடாமல் அறிக்கை எழுதினால் வங்கி அவரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். அவர் ஒழுங்காகத் தேடுவதற்கு இதைவிடச் சிறந்த காரணம் வேண்டுமா?

அவர் என்ன தேடுகிறார் என்று அறிந்துகொள்வது நல்லது. பொதுவாக முப்பது ஆண்டுக் காலத்து உரித்தை ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னோக்கிப் பார்க்கிறார். இரத்தினபுரிப் பதிவகத்திலோ கேகாலைப் பதிவகத்திலோ அந்தக் காணிக்குரிய பதிவேட்டுத் தாளை, ஃபோலியோ என்று அவர்கள் சொல்வதை, எடுத்து, யார் யாருக்கு விற்றார், யார் ஈடு வைத்தார், ஈடு மீட்கப்பட்டதா, நீதிமன்ற வழக்கு ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கிறார். 1927ஆம் ஆண்டின் பத்திரப் பதிவுச் சட்டத்தின்படி, ஒரே காணியை ஒருவர் இருவருக்கு விற்றுவிட்டால், மோசடி ஏதும் இல்லாதவிடத்து, பின்னால் வாங்கினாலும் முந்திப் பதிந்தவர் வென்றுவிட முடியும். ஆகவே உறுதி எழுதிய அன்றே பதிவுக்கு ஓடுகிற சட்டத்தரணி வேண்டும். அலுமாரியில் வைத்து மாதக் கடைசியில் அனுப்புகிறவர் வேண்டாம். கடன் கொடுக்கும் வங்கிக்கும் இதே அவசரம் உண்டு என்பது உங்களுக்கு வாய்த்த பாதுகாப்பு.

சபரகமுவைக் காணிக்கு மற்ற இடங்களில் இல்லாத சிக்கல்கள் பல உண்டு. அவற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தோட்டக் காணி முதலாவது. லயமோ, லயத்துக்குப் பக்கத்தில் நீங்களே செலவு செய்து கட்டிய வீடோ நிற்கும் நிலம் அரசினுடையது, கம்பெனி குத்தகைக்காரன். அந்த வீட்டை ஒருவர் உங்களுக்கு “விற்றால்”, அவர் விற்பது தன் சாமான்களை வெளியே எடுக்கும் சம்மதத்தை மட்டுமே. அதன்மேல் எந்த வங்கிச் சட்டத்தரணியும் ஈட்டு முறி எழுதமாட்டார்.

அடுத்தது குடியேற்றக் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரத்திலும் அளிப்புப் பத்திரத்திலும் கொடுத்த நிலங்கள் இம்மாகாணத்தில் நிறைய. சுவர்ணபூமி, ஜயபூமி என்று அழகழகான பெயர்களோடு, அரச முத்திரையோடு இருக்கும். பார்த்தவுடன் உறுதி என்றே தோன்றும். ஆனால் பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான சம்மதமின்றி அவற்றைக் கைமாற்ற முடியாது. சட்டத்துக்கு மாறான கைமாற்றத்தை நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்தக் கூடாது என்றும், செய்தாலும் அது வெறுந்தாள் என்றும் அச்சட்டமே சொல்கிறது. 2024இல் ‘உறுமய’ என்ற பெயரில் முழுவுரிமை உறுதி வழங்கும் திட்டமும் வந்தது. ஆகவே விற்பவர் கையில் இருப்பது பழைய அனுமதிப்பத்திரமா, அளிப்பா, முழுவுரிமையா என்பதைத் தேர்ந்தவர் பார்த்தே சொல்ல வேண்டும்.

பெரிய தோட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்கும் காணி மூன்றாவது. 1972இன் சட்டம் ஒருவருக்கு ஐம்பது ஏக்கர், வயலாயின் இருபத்தைந்து ஏக்கர் என்று வரம்பு கட்டியது; மிஞ்சியது காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவிடம் போயிற்று. இன்று பத்து பேர்ச்சஸ், பதினைந்து பேர்ச்சஸ் என்று விளம்பரப்படுத்தும் துண்டின் தாய்க்காணி அக்காலத்தில் எவ்வளவு பெரிது, அது ஆணைக்குழுவிடம் போன பகுதியா, உரியவருக்கு விட்ட பகுதியா என்று பார்க்காமல் வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஆற்றைக் கடப்பதாகும்.

பிறகு கிராமத்துப் பரவேணிக் காணி. தாத்தா பெயரில் இருந்து பதினெட்டுப் பேருக்குப் பிரிபடாத பங்காக வந்தது. விற்பவர் தன் பதினெட்டில் ஒன்றைத்தான் விற்க முடியும்; அது எந்த மூலை என்று அவருக்கும் தெரியாது. வங்கிகள் பிரிபடாத பங்கை ஈடாக ஏற்கத் தயங்குவது இதனால்தான். 1977ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டத்தின்படி வழக்காடிப் பிரித்ததா, பங்காளிகள் எல்லாரும் சேர்ந்து உறுதி எழுதிப் பிரித்ததா என்று கேளுங்கள். விகாரைக்கும் தேவாலயத்துக்கும் உரிய காணிகளும் இங்கே பரந்து கிடக்கின்றன. இரத்தினபுரி மகா சமன் தேவாலயத்தை அறியாதார் யார்? அத்தகைய காணிகளைக் கைமாற்ற 1931ஆம் ஆண்டுச் சட்டம் தடைகள் விதித்திருக்கிறது. மாணிக்கம் கிடைக்கும் ஊராகையால், பழைய உறுதிகளில் நிலம் ஒருவருக்கும் மாணிக்கம் எடுக்கும் உரிமை இன்னொருவருக்கும் என்று பிரித்து எழுதப்பட்டிருக்கவும் கூடும். வீட்டின் முற்றத்திலே ஒருநாள் வேறொருவர் குழி தோண்ட வந்து நின்றால் அப்போது உறுதியை எடுத்து வாசிப்பதில் பயனில்லை.

மண்சரிவையும் மறந்துவிடக் கூடாது. 2016 மே 17 அன்று அரநாயக்காவில் சாமசர மலை சரிந்ததையும், அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயத்தை மண் மூடியதையும் நாம் மறக்கவில்லை. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் சரிவு அபாயமுள்ள நிலத்தில் கட்டுவதற்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். பிரதேச சபை அங்கீகரித்த கட்டிட வரைபடம், வீதிக்கோட்டுச் சான்றிதழ், காணி சுவீகரிக்கப்படவில்லை என்ற சான்றிதழ் ஆகியவற்றோடு இதையும் வங்கி கேட்கும். கேட்கட்டும். வங்கி கேட்காவிட்டால் நீங்கள் கேட்டிருப்பீர்களா?

இத்தனையும் சொன்னபின், மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நாம் உங்களுக்கு நேர்மையாக நடந்தவராக மாட்டோம். அந்தச் சட்டத்தரணி வங்கியின் சட்டத்தரணி. கட்டணம் உங்கள் பையிலிருந்து போகிறது. அறிக்கை வங்கியின் மேசைக்குப் போகிறது. இங்கிலாந்தில் நம் உறவினர் வீடு வாங்கும்போது, கடன் கொடுப்போர் பட்டியலில் உள்ள ஒரே சொலிசிட்டர் வாங்குபவருக்கும் கடன் கொடுப்பவருக்கும் சேர்த்துப் பணியாற்றுவது வழக்கம். பட்டியலில் இல்லாதவரை வைத்துக்கொண்டால் கடன் கொடுப்பவர் தனக்கென்று வேறொருவரை நியமிப்பார், செலவும் காலமும் கூடும். இங்கே அந்த ஒழுங்கு அவ்வளவு தெளிவாக இல்லை. “ஐயா, நீங்கள் வங்கிக்கு மட்டுமா, எனக்கும் சேர்த்தா?” என்று முதல் நாளிலேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். விற்பனை உறுதியையும் அவரே எழுதுவாரா என்று கேளுங்கள். உரித்து அறிக்கையின் பிரதி ஒன்றை வாங்கி வையுங்கள்.

ஏனென்றால் வங்கியின் கவலையும் உங்கள் கவலையும் ஓரளவுக்குத்தான் ஒன்று. ஐம்பது லட்சம் ரூபா வீட்டுக்கு வங்கி முப்பது லட்சம் கொடுத்தால், முப்பது லட்சம் திரும்பி வருமா என்பதே அதன் கவலை. உங்கள் இருபது லட்சம் அதன் கணக்கில் இல்லை. கிணற்றுக்குப் போகும் பாதை, அயலவனின் வேலி, வீட்டை விட்டுப் போகாத பழைய குடியிருப்பாளர், இவையெல்லாம் உங்கள் தலைவலி. காணி கைவிட்டுப் போனாலும் கடன் உங்களை விட்டுப் போகாது; ஈட்டு முறியில் கையொப்பமிட்டவர் நீங்கள். பெருந்தொகைக் கடனாயின், 1990ஆம் ஆண்டின் பராட்டே சட்டப்படி வழக்கில்லாமலே ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விடும் அதிகாரமும் வங்கிக்கு உண்டு. 2024இல் அதைச் சிறிது காலம் நிறுத்திவைத்தார்கள், அக்காலம் முடிந்துவிட்டது. ஆகவே வசதியுள்ளவர் தமக்கென்று இன்னொரு சட்டத்தரணியிடம் ஒரு மணி நேரமாவது ஆலோசனை கேட்பது வீண் செலவன்று.

ஊழியர் சேமலாப நிதியைப் பிணையாக வைத்துக் கடன் பெறும் தோட்டத்து அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே கடனுக்குப் பொறுப்பு உங்கள் நிதியே. ஆகையால் காணியின் உரித்தைக் கூர்ந்து பார்க்க வேண்டிய தேவை கடன் கொடுப்பவருக்குக் குறைவு. உங்களுக்கோ இரட்டிப்பு. முப்பது வருடம் மலையேறிச் சேர்த்த பணம் அது. அதே பேனல் சட்டத்தரணியிடம் நீங்களாகவே போய், உரித்துப் பார்த்துத் தரக் கேளுங்கள்.

செலவு என்று அஞ்சுவோரும் உண்டு. ஐம்பது லட்சத்துக்கு உறுதி எழுதினால் முதல் ஒரு லட்சத்துக்கு நூற்றுக்கு மூன்று, மிச்சத்துக்கு நூற்றுக்கு நான்கு என்று மாகாணத்துக்கு முத்திரைத் தீர்வை மட்டும் 1,99,000 ரூபா ஆகிறது. இதைக் குறைப்பதற்காக உறுதியில் விலையைக் குறைத்துப் போடச் சொல்வார்கள். போடாதீர்கள். வங்கியின் மதிப்பீட்டோடு அது பொருந்தாது. நாளைக்கு வழக்கென்று வந்தால் நீங்கள் கொடுத்த பணத்துக்கே உங்களிடம் சாட்சி இராது. சட்டத்தரணியின் கட்டணம் எவ்வளவு, பதிவகச் செலவு எவ்வளவு என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்பதில் வெட்கமில்லை.

இனி மொழிக்கு வருவோம். இங்கே விற்பனை உறுதிகள் பெரும்பாலும் சிங்களத்தில். வங்கியின் ஈட்டு முறியோ பல வேளை ஆங்கிலத்தில். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த ஆசிரியரும், ஏட்டையே பாராத விவசாயியும் அந்த மேசையில் ஒன்றுதான். பட்டியலில் தமிழில் நொத்தாரிசு நியமனம் பெற்றவர் யாராவது இருக்கிறாரா என்று வங்கி முகாமையாளரைக் கேளுங்கள். நியமனம் மொழியைக் குறித்தே கொடுக்கப்படுகிறது. இல்லையென்றால், கையொப்பமிடுமுன் ஒவ்வொரு பந்தியையும் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். அது அவர் செய்யும் தயவன்று. நமது அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் ஒருவர் அரச அலுவலரோடு தமிழில் கருமமாற்றவும், பார்வையிடச் சட்டம் இடந்தரும் பதிவேடுகளின் பிரதியை அல்லது மொழிபெயர்ப்பைத் தமிழில் பெறவும் உரிமை தருகிறது. 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தத்தில் வந்த உரிமை அது. சபரகமுவையில் நம்மவர் எத்தனை பேர் பதிவகத்துக்குப் போய் அந்த உரிமையைக் கேட்டிருக்கிறோம்?

தோழர்களே, நாம் தொடங்கிய இடத்துக்குச் சற்று அப்பால் போக வேண்டியிருக்கிறது. ஏழு பேர்ச்சஸ் காணி, உறுதியோடு தனி வீடு என்று மேடைகளில் கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது. மாலையும் மேளமுமாகத் தாள்கள் கையளிக்கப்பட்டதையும் கண்டோம். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு இதே பேனல் சட்டத்தரணியிடம் போங்கள். இதற்கு நில அளவை வரைபடம் இருக்கிறதா, இது பதிவகத்தில் பதிவாகியிருக்கிறதா, இதை ஈடாக வைத்து என் மகளின் படிப்புக்கோ, ஓர் அறை கூட்டிக் கட்டவோ வங்கி கடன் கொடுக்குமா என்று கேளுங்கள். கொடுக்கும் என்றால் அது உறுதி. கொடுக்காது என்றால், அது எந்த அமைச்சர் கையால் வந்தாலும், கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டும் படமே.

இக்கூட்டத்தின் முடிவில் தீர்மானங்கள் வரவிருப்பதாகத் தலைவர் சொன்னார். அவற்றிலே இரண்டைச் சேர்க்குமாறு வேண்டுகிறோம். தோட்ட மக்களுக்கு வழங்கும் ஒவ்வொரு காணிப் பத்திரமும் அளவை வரைபடத்தோடு பதிவு செய்யப்பட்டு, வங்கிகள் ஈடாக ஏற்கும் முழுவுரிமையாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. இரத்தினபுரி, கேகாலைக் காணிப் பதிவகங்களில் தமிழில் விண்ணப்பம் ஏற்கவும் தமிழில் பிரதி வழங்கவும் அலுவலர் நியமிக்கப்பட வேண்டும் என்பது மற்றொன்று. தீர்மானம் கொழும்புக்குப் போய்ச் சேருமுன், உங்களில் ஒரு பத்துப் பேராவது அடுத்த திங்கட்கிழமை பதிவகத்துக்குப் போய்த் தமிழில் விண்ணப்பம் கொடுத்துப் பாருங்கள். வாங்க மறுத்தால், மறுத்தவரிடம் அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.